பானுவுக்கு எந்த நாள்

பானு, அனுவுக்குப் பிறகு தேர்வு எழுதினாள். அவ்வளவுதான் வரி. காலையிலிருந்து பதினோரு தடவை படித்துவிட்டேன், பதினோரு தடவையும் பானுவைச் செவ்வாய்க்கிழமையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறேன், பதினோரு தடவையும் யாரோ வந்து அவளை எழுப்பிவிடுகிறார்கள். நகர்நல மையத்தின் நீல பெஞ்சில் மடியில் பத்து வாரப் பிள்ளை, பிள்ளைக்கு அடியில் துண்டு, துண்டுக்கு அடியில் நாலாக மடித்த மாதிரி வினாத்தாள். பக்கத்தில் அத்தை இருக்கும்போது தாளை எடுத்தால் 'பிள்ளையை வச்சிக்கிட்டு அது என்ன பேப்பர்' என்பார், எடுக்காவிட்டால் 'ஞாயித்துக்கிழமை பரீட்சைய வச்சிக்கிட்டு வேடிக்கை பாக்குற' என்பார், அதனால் பிள்ளைக்கு அடியில் வைத்துப் படிக்கிறேன், திருட்டுப் படிப்பு. ஐந்து பெண்கள், திங்கள் முதல் வெள்ளி வரை, நாளுக்கு ஒருத்தியாகத் தேர்வு எழுதுகிறார்கள். அனு திங்கட்கிழமை. பானு, அனுவுக்குப் பிறகு. சாந்தி, அனுவுக்கு மறுநாளே. தீபாவும் ஈஸ்வரியும் பானுவுக்கு முன்னால். பானுவுக்கு எந்த நாள்? எவளுக்கு எந்த நாளாக இருந்தால் எனக்கென்ன. இந்த ஐந்து பேருக்கும் வீடு இல்லையா, பிள்ளை இல்லையா, யாராவது ஒருத்திக்காவது செவ்வாய்க்கிழமை பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்து தேர்வுக்கே போகாமல் இருந்திருக்கக் கூடாதா. கேள்வி எழுதுகிறவன் ஆம்பளை. பார்த்தாலே தெரிகிறது. வரிசையில் நிற்க வைத்தால் நிற்பார்கள் என்று அவ்வளவு நம்பிக்கை.

எங்கள் டோக்கன் பதினேழு. உள்ளே இப்போது ஒன்பது. ஒவ்வொரு நம்பருக்கும் கதவு திறக்கிறது, முதலில் மருந்து வாசனை வருகிறது, பிறகு ஒரு அமைதி, அந்த அமைதிதான் மோசம், ஊசி ஏறுகிற நேரத்துக்கும் பிள்ளைக்கு அது தெரிகிற நேரத்துக்கும் நடுவே உள்ள அமைதி, பிறகு வீறிடல். மடியில் சிசிலி தூங்குகிறாள். போன தடவை, ஆறாவது வாரத்தில், இதே கதவுக்குள் தூங்கிக்கொண்டேதான் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதித்தது. நர்ஸ் சொல்லித்தான் அனுப்பியிருந்தார், காய்ச்சல் வரும், பயப்படாதே என்று. வரும் என்று தெரிந்தால் பயப்படாமல் இருந்துவிட முடியுமா. நான் மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு, ஐம்பத்து நாலு. எண்ணுவதை நிறுத்தினால் மூச்சும் நின்றுவிடும் என்று ஒரு விதி, யாரும் எனக்குச் சொல்லாத விதி, அதை மட்டும் மீறவே இல்லை. தயாளன் சார் கேட்டால் சிரிப்பார். 'அந்த ரூல் எந்த லைன்ல இருக்கு, காட்டுங்க பாப்போம்.' வேலைத் தேர்வுக்கான கோச்சிங் வகுப்பில் அறுபது பேர் முன்னால் என்னை எழுப்பி நிறுத்திக் கேட்ட கேள்வியே அதுதான். எட்டு மாத வயிறு, பெஞ்சுக்கும் மேசைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன். 'பிறகுன்னா உடனேன்னு யாரும்மா சொன்னா? மறுநாள்னு கேள்வியில இருந்தா மறுநாள். வெறும் பிறகுன்னு இருந்தா எப்ப வேணும்னாலும். நடுவுல லாரியே போகலாம். நீங்க ரொம்ப நல்லவங்கம்மா, எல்லாரும் உடனே வந்துருவாங்கன்னு நம்புறீங்க.' எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் எரிந்தது.

ஆனால் அது என் தப்பும் இல்லை. கான்வென்ட்டில் பன்னிரண்டு வருடம் வரிசையில் நின்றவளுக்கு 'பிறகு' என்றால் உடனேதான். உயர வாரியாக நிறுத்துவார் மதர் பெர்னார்ட். முன்னால் நிற்பவளின் தோளில் கை நீட்டி, விரல் நுனி மட்டும் பட வேண்டும், அந்தத் தூரம்தான் உலகத்தில் இருவருக்கு நடுவே இருக்கலாம். எனக்கு முன்னால் குளோரி, எனக்குப் பின்னால் ஹேமலதா. நடுவில் லாரி போகாது. சிற்றாலயத்துக்கு, கைகழுவும் தொட்டிக்கு, அம்மை ஊசிக்குக்கூட அதே வரிசை. கேட்டால் ஒழியப் பேசக் கூடாது, கேட்டால் முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். 'உன் பெயர் என்ன?' 'ஜெனிட்டா.' அடி விழும். 'என் பெயர் ஜெனிட்டா, மதர்.' அப்போதுதான் நீ ஒரு ஆள். பன்னிரண்டு வருடம் முழு வாக்கியத்தில் பேசிவிட்டு, கல்யாணமாகி வந்த வீட்டில் ஒன்றரை வருடமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். சரி அத்தை. ம். சரிங்க. ம். நான் என்ன மக்கா? மதர் பார்த்தால் முழங்காலில் நிறுத்துவார். நிறுத்தட்டும். அந்தக் கிழவியிடமும் எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது, பயத்தை ஒழுக்கம் என்று சொல்லிக் கொடுத்ததற்கு.

பதினொன்று. 'பதினொண்ணு யாரும்மா? பதினொண்ணு!' மஞ்சள் சுடிதார் ஒருத்தி எழுந்தாள், அவள் கையில் இருப்பது பதினாறு, எனக்குத் தெரியும், எனக்கு முன்னால்தான் வாங்கினாள். 'நா எட்டு மணிக்கே வந்துட்டேன், டோக்கன்தான் லேட்டாக் குடுத்தாங்க' என்று கதவில் தோளை வைத்தாள். நிஜமான பதினொன்று ஒரு குண்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். 'எட்டு மணிக்கு வந்தா? நா ராத்திரியே வந்து கேட்டாண்ட படுத்திருந்தேன்னு சொல்லவா? நம்பரைப் பாத்து நில்லு தாயி, நம்பர் போடத்தானே துட்டுச் செலவில்லாம அட்டை குடுத்துருக்கான்.' 'ஏய், மரியாதை!' 'மரியாதைக்கு வேற டோக்கன், அந்தக் கவுன்ட்டர்ல வாங்கு.' பெஞ்சே சிரித்தது. மஞ்சள் சுடிதார் திரும்பி வந்து என் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து, நான் ஏதோ செய்துவிட்டதுபோல என்னை முறைத்தாள். வந்த வரிசை ஒன்று, நம்பர் வரிசை ஒன்று, அழுகிற பிள்ளை முதலில் என்று இன்னொன்று. எந்த விதி எதற்கு மேல் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. சத்தமாகப் பேசுகிறவளின் விதிதான் விதி. என்னால் அப்படிப் பேச முடிந்திருந்தால் இந்நேரம் அந்த ஊதாப் பை வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருக்காது.

ஊதாப் பை. வேண்டாம், பானுவைப் பார்ப்போம். அனு திங்கள். முதலில் ஆணி அடி, என்பார் சார். எந்த வரியில் நாளின் பெயர் இருக்கிறதோ அதுதான் ஆணி, அதை முதலில் அடி, மற்றதெல்லாம் அதில் தொங்கும். ஆணி இல்லாத கணக்கில் எல்லாரும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அனு திங்கள், அடித்தாயிற்று. பானு பிறகு. செவ்வாய் என்று எழுதும் கையைப் பிடித்துக்கொள்கிறேன். ஊதாப் பையில் நாலு நாளைக்குத் துணி எடுத்து வைக்கிறேன் என்றுதான் அத்தை சொன்னார். நாளைக் காலை பஸ்ஸில் பாப்பாவை அறந்தாங்கிக்குக் கூட்டிப் போகிறார், என் புருஷன் பெலிக்ஸின் அக்கா ஸ்டெல்லா வீட்டுக்கு. 'நீ நிம்மதியாப் படிச்சு எழுது ஜெனி. பரீட்சைக்கு அப்புறம் கூட்டிட்டு வந்துருவோம்.' வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நாலு நாள். புட்டிப்பால் பழக்கிவிடலாம், ஸ்டெல்லா எல்லாம் வாங்கி வைத்திருக்கிறாள். பெலிக்ஸ் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டே, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னான், 'அம்மா சொல்றது நல்லதுக்குத்தானே.' என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பொத்தானைப் பார்த்துச் சொன்னான். நான் தலையை ஆட்டினேன். ஆட்டிய பிறகு பையைத் திறந்து பார்த்தேன். நாப்கின், சட்டை, தொப்பி. அதற்கும் கீழே, ஞானஸ்நானத்துக்கு வந்த கவுன்கள், ஆறாவது மாதத்தில் போடலாம் என்று பெரிதாக வாங்கிக் கொடுத்த கவுன்கள், இரண்டும் மடிப்புக் கலையாமல். நாலு நாளில் எந்தப் பிள்ளை ஆறு மாதமாகும்?

தெரியாமல் வைத்திருக்கலாம். வயதான கை, கிடைத்ததை எல்லாம் திணித்திருக்கும். இப்படித்தான் நான் ஒவ்வொரு தடவையும் அவர்களுக்காக வாதாடுகிறேன், எனக்கு எதிராக நானே வக்கீல். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை இல்லை. வேளாங்கண்ணிக்கு முழங்காலில் நடந்தாள், முட்டியில் தழும்பு இருக்கிறது, என்னிடம் காட்டியிருக்கிறாள். நல்லவள். அதுதான் பயம். கெட்டவளாக இருந்தால் சண்டை போடலாம். போன வாரம் போனில் படம் அனுப்பியிருந்தாள், கூடத்து உத்தரத்தில் தூளி. அரக்குப் பட்டு, அடியில் ஜரிகை தெரிந்தது. அத்தை பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது ஸ்டெல்லாவின் கல்யாணப் புடவை. நாலு நாள் விருந்தாளிக்கு எவள் கல்யாணப் புடவையில் தூளி கட்டுவாள்? கட்டுவாள். ஆசையில் கட்டுவாள். கட்டமாட்டாள். எங்கள் தெருவிலேயே இருக்கிறான், அக்காவிடம் நாலு நாள் விட்ட பிள்ளை, இப்போது கல்லூரிக்குப் போகிறான், பெற்றவளைச் சித்தி என்கிறான். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, யாரும் பிடுங்கவும் இல்லை. பிறகு கூட்டி வருகிறோம் என்றார்கள், அவளும் உடனே என்று புரிந்துகொண்டிருப்பாள், என்னைப் போல ஒரு நல்ல கான்வென்ட் முட்டாள்.

மார்பில் பால் ஊறுகிறது, உள்ளே பதின்மூன்றோ பதினாலோ அழுததற்கு. யார் பிள்ளை அழுதாலும் சுரந்துவிடுகிறது, மானங்கெட்டது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டேன். நாலு நாள் ஊட்டாவிட்டால் இது என்ன ஆகும்? கல்லாகும், பிறகு வற்றும். பிறகு. இதற்கு மட்டும் 'பிறகு' என்றால் உடனே. அத்தையின் போன் அடித்தது, அத்தைக்குக் காது மந்தம், பேசினால் தெருவுக்கே கேட்கும், ரகசியம் பேசும்போதுகூட ரகசியத்தைச் சத்தமாகப் பேசுவார். 'ஆமாடி ஸ்டெல்லா. இன்னும் மூணு நம்பர்... தூங்குது... அவளா? ம், உக்காந்துருக்கா... பரீட்சை முடிஞ்சா மட்டும் ஆச்சா? ரிசல்ட் வரணும். அப்புறம் அடுத்த பரீட்சை ஒண்ணு இருக்காம்ல, மெயினோ என்னமோ. வேலை கெடைச்சு எந்த ஊருல போடுறான்னு தெரியணும்... ஆமா... பிள்ளைய வச்சிக்கிட்டு எப்புடி... பாப்போம், பாப்போம். கர்த்தர் காட்டுவார்.' போனை இடுப்பில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. எனக்குச் சுரீர் என்றது, காதில் இல்லை, மடியில், துண்டுக்கு அடியில் இருந்த தாளில். அனுவுக்கு மறுநாள் சாந்தி, செவ்வாய் போயிற்று. பானுவுக்கு முன்னால் தீபா, புதன் போயிற்று. பானுவுக்கு முன்னால் ஈஸ்வரி, வியாழன் போயிற்று. ரிசல்ட், மெயின், போஸ்டிங். ஒவ்வொரு வரியும் நியாயமான வரிதான், ஒரு வரியிலும் பானுவுக்கு எதிராக ஒரு சொல் இல்லை, எல்லாரும் சேர்ந்து அவளைத் தள்ளித் தள்ளிக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை. பானுவுக்காவது வெள்ளியோடு வாரம் முடிகிறது, அதற்கு மேல் தள்ள நாள் இல்லை, சுவர் இருக்கிறது. என் கணக்கில் வெள்ளிக்கிழமையே இல்லை. ஆணியும் இல்லை.

'பதினாறு!' மஞ்சள் சுடிதார் ராணி மாதிரி உள்ளே போனாள். அமைதி. வீறிடல். அவள் குரலும் சேர்ந்து கேட்டது, 'அய்யோ என் தங்கமே, அய்யோ என் சாமி', அத்தனை வாய் பேசியவள் பிள்ளையோடு சேர்ந்து அழுதாள். 'பதினேழு.' எழுந்தேன். துண்டு நழுவி வினாத்தாள் கீழே விழுந்தது, அத்தை பார்த்தார், எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உள்ளே நர்ஸ் தலை நிமிராமல் தாய் சேய் அட்டையைக் கேட்டார், அத்தை தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அட்டை என் அலமாரியில் அல்லவா இருந்தது? எப்போது அந்தப் பைக்கு மாறியது? 'பத்து வாரம், ரெண்டாவது டோஸ். அம்மா யாரு? நீங்களா? தொடையைப் பிடிங்க, கெட்டியா.' சொட்டு மருந்தை நாக்கில் விட்டார், சிசிலி சப்புக் கொட்டி விழித்தாள், என்னைப் பார்த்தாள், அடையாளம் கண்டு வாயைக் கோணிச் சிரிக்கப் பார்த்தாள், அந்தச் சிரிப்பு பாதியில் இருக்கும்போது ஊசி ஏறியது. அந்த அமைதி. என் கைதான் தொடையைப் பிடித்திருந்தது. நான்தான் பிடித்துக் கொடுத்தேன். பிறகு அவள் முகம் முழுக்க வாயாகிவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு தட்டினேன், அவள் அழுகைக்கு மேல் அத்தையின் குரல் கேட்டது, 'நர்ஸம்மா, அடுத்த ஊசிய அறந்தாங்கியிலயே போட்டுக்கலாம்ல?'

'தாராளமா. அட்டை இருந்தா எங்க வேணும்னாலும் போடுவாங்க. இருபத்தெட்டு நாள் கழிச்சு, ஜூலை ரெண்டு, புதன்கிழமை' என்றபடி நர்ஸ் பேனாவை அட்டையின் கட்டத்தில் வைத்தார். 'அறந்தாங்கின்னே எழுதிரவா?' பேனா நுனி தாளைத் தொட்டுவிட்டது, நீலமாக ஒரு புள்ளி விழுந்துவிட்டது. இருபத்தெட்டு நாள். பரீட்சைக்குப் பிறகு இருபத்து நாலு நாள். தலை ஆடத் தயாரானது, கழுத்து நரம்பு அந்தப் பழக்கத்துக்கு இழுத்தது. அத்தை எனக்கும் மேசைக்கும் நடுவில் நின்றார், விரல் நுனி படும் தூரம். பெலிக்ஸ் என்ன சொல்வான், ராத்திரி சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வான், அந்த வீட்டில் இனி எனக்கு யார் தண்ணீர் கொடுப்பார்கள், காய்ச்சலோடு பிள்ளையையும் என்னையும் ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்களா. 'இல்லை' என்றேன். எனக்கே கேட்கவில்லை. பிள்ளை கத்துகிறது. முழு வாக்கியத்தில் சொல், சனியனே. 'அடுத்த ஊசியை இங்கேதான் போடுவோம், சிஸ்டர். ஜூலை ரெண்டாம் தேதி என் பிள்ளையை நான்தான் தூக்கிக்கொண்டு வருவேன்.' காலை அசெம்பிளியில் ஒப்பிப்பதுபோல வந்தது, எழுத்துத் தமிழில், கடைசிச் சொல்வரை. நர்ஸ் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். என்னை, அத்தையை, மறுபடி என்னை. இந்த மேசைக்கு எத்தனை மாமியார், எத்தனை மருமகள் வந்திருப்பார்கள். 'அம்மா சொல்றதத்தான் எழுதணும்' என்று சொல்லி அந்தப் புள்ளியின் மேலேயே இந்த மையத்தின் பெயரை அழுத்தி எழுதி, முத்திரை குத்தி, அட்டையை என் பக்கம் நீட்டினார். அத்தையின் கையும் நீண்டது. நான் முதலில் வாங்கிவிட்டேன்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் பெஞ்சில் இருக்க வேண்டும், அது சுவரில் எழுதி ஒட்டிய விதி. இருந்தோம். 'படிச்ச பிள்ளைன்னு கட்டுனோம்' என்றார் அத்தை, எதிர்ச் சுவரைப் பார்த்து. 'நல்லாத்தான் படிச்சிருக்கா. வாய்க்குள்ள கொழுக்கட்டை வச்சிருக்கான்னு நெனச்சேன், கத்தி வச்சிருந்துருக்கா.' நான் பதில் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லையே. துப்பட்டாவுக்குள் சிசிலி விக்கி விக்கி இழுத்தாள், மூச்சை எண்ணினேன், ஐம்பது. அட்டையைச் சுடிதார் கழுத்துக்குள் செருகியிருந்தேன், அதன் மூலை குத்தியது, குத்தட்டும், ஆணி என்றால் குத்தும். 'ஸ்டெல்லாட்ட நா சொல்லமாட்டேன். அவ வயிறு எரியிறத நா பாக்கமாட்டேன். உனக்குத்தான் பேச வருதே, நீயே சொல்லு' என்று எண்ணை அழுத்திப் போனை என் மடியில் போட்டார், வீசினார் என்றும் சொல்லலாம். ஸ்டெல்லா எடுத்தவுடனே கேட்டாள், 'பாப்பா அழுதுச்சா, ஜெனி?' அந்த ஒரு கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. 'அழுதா, அண்ணி' என்றேன். 'பாவம்' என்றாள், நிஜமாகவே அவளுக்கு வலித்தது. இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தைப் பிள்ளையைப் பிடித்த கையாலேயே தள்ளினேன். 'நாளைக்கு அவ வரல அண்ணி. ஞாயித்துக்கிழமை பரீட்சை எழுதுற பள்ளிக்கூடத்து வாசல்ல யாராவது அவள வச்சிருக்கட்டும், நடுவுல வந்து பால் குடுத்துக்குவேன், முடியலன்னா பரீட்சைய விட்டுர்றேன். நீங்க இங்க வாங்க. நாளைக்கு வாங்க, அதுக்கு அப்புறம் வாங்க, எப்ப வேணும்னாலும் வாங்க. அவ இங்கதான் இருப்பா.' அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. போனைக் காதில் அழுத்திக் கேட்டேன், மெதுவாக, ஒரே அளவில், க்ரீச், க்ரீச் என்று. உத்தரத்துக் கொக்கி. பேசிக்கொண்டே காலித் தூளியை ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள், நிறுத்த மறந்துவிட்டாள். அத்தை என் முகத்தையே பார்த்தார். நான் எதையும் காட்டவில்லை. யார் முதலில் வைக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. நான் வைக்கவில்லை. கொக்கி நிற்கும்வரை, பிள்ளையின் மூச்சை எண்ணிக்கொண்டு, கேட்டுக்கொண்டே இருந்தேன்.